வேலையில் நெருக்கடி வரும்போது செபிப்பது எப்படி

வேலை நெருக்கும்போது முதலில் நின்றுபோவது செபம்தான். வீடு திரும்பும்போது உடம்பு ஓய்ந்துபோயிருக்கும், மனசு மட்டும் இன்னும் அலுவலகத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். அதனால், நேரம் கிடைக்கும்போது செபிக்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். அந்த நேரம் கிடைக்கவே கிடைக்காது.

நான் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறவள். முன்பு இருந்த ஒரு நிறுவனத்தில் ஆள்குறைப்பு நடந்தது. போனவர்களின் கோப்புகளெல்லாம் என் மேசைக்கு வந்தன. மாதக் கணக்கு முடிக்கும் வாரங்களில் மேலாளர் எல்லார் முன்னிலையிலும் கத்துவார். அப்போது என்னைத் தாங்கியது, வேலை நேரத்துக்குள்ளேயே சொல்ல முடிந்த சின்னச் சின்ன செபங்கள்தான்.

விவிலியத்தில் இதற்கு எனக்குப் பிடித்த ஆள் நெகேமியா. பாரசீக அரசருக்குப் பானம் பரிமாறுவது அவர் வேலை. ஒருநாள் அவருடைய வாடிய முகத்தைப் பார்த்து, உனக்கு என்ன வேண்டும் என்று அரசர் கேட்கிறார். நெகேமியா நூல் 2ஆம் அதிகாரம், 4ஆம் வசனத்தில் அவர் விண்ணகக் கடவுளிடம் மன்றாடுகிறார். அடுத்த வசனத்திலேயே அரசருக்குப் பதில் சொல்லிவிடுகிறார். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் எவ்வளவு நேரம் இருந்திருக்கும்? ஒரு மூச்சு விடும் நேரம். அதற்குள் ஒரு செபம் முடிந்துவிட்டது.

நீங்களும் ஒரு வரியைத் தேர்ந்துகொள்ளுங்கள். “இயேசுவே, உம்மில் நம்பிக்கை வைக்கிறேன்” என்பது போதும். அதை ஏதாவது ஒரு செயலோடு கட்டிவிடுங்கள்: மீட்டிங் அறையின் கதவைத் தொடும்போது, அல்லது பயமுறுத்தும் ஒரு மின்னஞ்சலைத் திறக்கும் முன். கோபத்தில் பதில் எழுதக் கை துடித்தால் 141ஆம் திருப்பாடலின் 3ஆம் வசனம் இருக்கிறது. என் வாய்க்குக் காவல் வையும் என்று ஆண்டவரிடம் கேட்கும் வசனம். அதைச் சொன்ன பிறகு நான் அழித்துவிட்ட வாக்கியங்கள் ஏராளம்.

காலை, நண்பகல், மாலை என மூன்று வேளையும் சொல்லும் மூவேளை செபத்தை நண்பகல் 12 மணிக்காவது சொல்லுங்கள். இருக்கையைவிட்டு எழ வேண்டாம், கண்ணைக்கூட மூட வேண்டாம். மூன்று சிறிய வசனங்கள், மூன்று ‘அருள் நிறைந்த மரியே’, கடைசியில் ஒரு மன்றாட்டு, அவ்வளவுதான். ஷிப்ட் மாறி வேலை செய்கிறவர்கள் தங்கள் இடைவேளையில் சொல்லிக்கொள்ளலாம்.

அப்புறம், கடவுளிடம் நாகரிகம் பார்க்காதீர்கள். கசப்பாக இருந்தால் கசப்பாகவே பேசுங்கள். 13ஆம் திருப்பாடல், எத்தனை காலம் என்னை மறந்திருப்பீர் என்று நேருக்கு நேராகவே கேட்கிறது. 88ஆம் திருப்பாடல் இருளில்தான் முடிகிறது. ஆறுதலாக ஒரு வரிகூடக் கடைசியில் கிடையாது. அதையும் திருஅவை தன் செபமாகவே வைத்திருக்கிறது. செபமாலை சொல்லும் வழக்கம் இருந்தால், இந்த நாட்களில் துயர மறைபொருள்களின் முதல் பத்துமணியில் கொஞ்சம் அதிகமாகவே தங்குங்கள். அது கெத்சமனித் தோட்டத்தை நினைவுகூரும் பகுதி. சிலுவைச் சாவுக்கு முந்தின இரவில் அங்கே இயேசுவுக்கும் பயம் வந்தது. உடனிருந்த நண்பர்கள் தூங்கிவிட்டார்கள். அலுவலகத்தில் தனியாக விடப்பட்டவருக்கு அந்தக் காட்சியை யாரும் விளக்க வேண்டியதில்லை.

உங்களைத் துன்புறுத்துகிறவருக்காகச் செபிப்பதுதான் மிகவும் கஷ்டம். மனதில் அன்பு ஊறிய பிறகு செய்யலாம் என்று காத்திருக்க வேண்டாம். அவர் பெயரைச் சொல்லி ஒரே ஒரு ‘அருள் நிறைந்த மரியே’. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாலும் அது செபம்தான்.

ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். செபம் செய்கிறோம் என்பதற்காக அநியாயத்துக்குத் தலைகுனிந்து நிற்க வேண்டியதில்லை. சம்பளத்தைப் பிடித்து வைத்துக்கொண்டவரைப் பற்றிப் பேச்சு வந்தால், “இது உன் சிலுவை, சுமந்துகொள்” என்று சிலர் சொல்வதுண்டு. எனக்கு அது பொறுக்காது. கொடுக்கப்படாத கூலி கூக்குரலிடுகிறது என்கிறது யாக்கோபு திருமுகம் 5:4. திருத்தந்தை 13ஆம் லியோ 1891இல் தொழிலாளர் நிலை பற்றி எழுதிய சுற்றுமடல், கூலியை ஏமாற்றுவதைப் பெருங்குற்றம் என்கிறது. தொழிலாளர் சங்கம் அமைக்கும் உரிமையையும் ஆதரிக்கிறது. புனித பவுல் தமக்கு நியாயம் கிடைக்காது என்று தெரிந்ததும் சீசரிடம் மேல்முறையீடு செய்தார் (திருத்தூதர் பணிகள் 25). ஆகவே நடந்ததைத் தேதியோடு எழுதி வையுங்கள், மனிதவளப் பிரிவுக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். அனுப்பும் முன் செபியுங்கள். அனுப்பிய பிறகும் செபியுங்கள்.

வேலையை விடலாமா என்ற கேள்விக்கு, இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் கொடுத்த வழி உதவும். மனம் வறண்டு இருண்டு கிடக்கும் நேரத்தில், முன்பு தெளிவோடு எடுத்த முடிவை மாற்றாதீர்கள் என்கிறார் அவர். மனம் அமைதியான ஒரு நாளில் மறுபடி யோசித்துப் பாருங்கள். அன்றும் ‘விட வேண்டும்’ என்றே தோன்றினால் அதை நம்பலாம். உங்கள் பங்குத்தந்தையிடமோ விவரம் தெரிந்த ஒருவரிடமோ பேசுவதும் நல்லது.

உடம்பை மறந்துவிடாதீர்கள். சாக வேண்டும் என்று கேட்டுச் சூரைச் செடியின் அடியில் படுத்த இறைவாக்கினர் எலியாவுக்கு வானதூதர் முதலில் கொடுத்தது அப்பமும் தண்ணீரும்தான். அவர் சாப்பிட்டார், மறுபடி தூங்கினார், மறுபடி சாப்பிட்டார். அதன் பிறகுதான் பயணம். தூக்கமே வரவில்லை, நெஞ்சு படபடக்கிறது, உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை என்றால் உடனே மருத்துவரைப் பாருங்கள். அது விசுவாசக் குறைவு ஆகாது. மருத்துவரை மதிக்கச் சொல்வது சீராக்கின் ஞான நூலேதான் (38ஆம் அதிகாரம்).

ஞாயிறு திருப்பலியில், காணிக்கை நேரத்தில் குரு அப்பத்தை உயர்த்தி, மனித உழைப்பின் பயன் என்று அதைக் குறிப்பிடுகிறார். அந்தக் கணத்தில் உங்கள் வாரத்தையும் அங்கே வையுங்கள்: முடிந்த வேலை, முடியாத வேலை, வாங்கிய ஏச்சு எல்லாவற்றையும்.

நவநாள், அதாவது ஒன்பது நாள் தொடர் செபம், செய்ய விரும்புகிறவர்களுக்குப் புனித சூசையப்பர் இருக்கிறார். குழந்தை இயேசுவையும் தாய் மரியாவையும் காப்பாற்ற ஓர் இரவில் எகிப்துக்குக் கிளம்பியவர். பிழைப்பை வேறொரு நாட்டில் புதிதாகத் தொடங்குவது என்றால் என்னவென்று அறிந்தவர். தொழிலாளர்களின் பாதுகாவலராக அவருக்கு மே 1ஆம் தேதித் திருநாளை 1955இல் ஏற்படுத்தியவர் திருத்தந்தை 12ஆம் பயஸ். ஏப்ரல் 22இல் தொடங்கினால் 30ஆம் தேதி நவநாள் முடியும். உங்களைப் போலவே தவிக்கும் இன்னொருவர் பக்கத்து மேசையில் இருந்தால், அவரையும் கேட்டுப் பார்த்துச் சேர்த்துக்கொள்ளுங்கள்.