'40 சதவீதம்' என்றால் எதில் 40?

பரவிய நிலைப் புற்றுநோய் என்று தெரிந்ததும் தடுமாறி நிற்கிற குடும்பங்களோடு டாக்டரைப் பார்க்கத் துணைக்குப் போவேன். அப்பா விஷயத்தில் நான் செய்த தவறுகளையே அவர்களும் வரிசை மாறாமல் செய்கிறார்கள். ரிப்போர்ட்டைத் தொலைக்காதீர்கள், கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள் என்பதையெல்லாம் யாரும் சொல்லிவிடுவார்கள், அதை விடுங்கள்.

கட்டி சுருங்குவதை ஆயுள் நீள்வதாக எடுத்துக்கொள்வது

எனக்கு இன்னும் ஆறாதது இதுதான். "இந்த மருந்துக்கு 40 சதவீதம் பேரிடம் பலன் தெரிகிறது, ஆனால் பக்கவிளைவு கடுமையாக இருக்கும்" என்றார் டாக்டர். 100 பேரில் 40 பேர் பிழைக்கிறார்கள் என்று என் காதில் விழுந்தது. பின்பாதி விழவே இல்லை. அவர் பொய் சொல்லவில்லை. எதில் பலன் என்று நான்தான் கேட்கவில்லை. பெரும்பாலான கட்டிகளுக்கு ஆராய்ச்சிக் கணக்கில் பலன் என்றால், ஸ்கேனில் அளந்த கட்டிகளின் விட்டங்களைக் கூட்டிப் பார்த்தால் குறைந்தது 30 சதவீதமாவது குறைந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அது எத்தனை மாதம் நிற்கும், ஆயுள் கூடுமா, எழுந்து நடமாட முடியுமா என்பதற்கெல்லாம் அந்த எண்ணில் பதிலே கிடையாது. அப்பாவுக்குக் கட்டி சுருங்கத்தான் செய்தது. ஸ்கேனைப் பார்த்து நாங்கள் குதித்த அதே வாரம், விரல் நுனியெல்லாம் மரத்துப்போய் அவரால் சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. மூன்று மாதத்தில் கட்டி பழையபடி வளர்ந்துவிட்டது, விரல்களில் உணர்வு மட்டும் திரும்பவே இல்லை.

நான் மட்டும் ஏமாளி இல்லை. பரவிய புற்றுநோய்க்குக் கீமோ எடுத்தவர்களிடம் அமெரிக்காவில் கேட்டு 2012இல் வெளியிட்ட ஆய்வில், நுரையீரல் நோயாளிகளில் 69 சதவீதம் பேருக்கும் பெருங்குடல் நோயாளிகளில் 81 சதவீதம் பேருக்கும் அது நோயைக் குணமாக்க வாய்ப்பில்லை என்பது புரிந்திருக்கவில்லை.

அதனால் இப்படிக் கேளுங்கள்: நன்றாகப் போனால் எத்தனை மாதம், மோசமாகப் போனால் என்ன ஆகும், பெரும்பாலானவர்களுக்கு எப்படிப் போகிறது? அப்புறம், எடுக்காமலே விட்டால்? இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்க எல்லோருக்கும் கூச்சம், கேட்டால் கைவிட்ட மாதிரி ஆகிவிடுமாம். போன வாரம் ஒரு பெண் வாய் வரைக்கும் கொண்டுவந்து விழுங்கிவிட்டார்.

இடைநிலை எண்ணைக் கெடுவாக நினைப்பது

இடைநிலை ஆயுள் (median) 8 மாதம் என்று டாக்டர் சொன்னால், பாதிப் பேர் அதைத் தாண்டுகிறார்கள் என்று அர்த்தம். உயிரியலாளர் ஸ்டீபன் ஜே கூல்டுக்கு 1982இல் வந்த மீசோதீலியோமா என்ற அரிய புற்றுநோய்க்கு அப்போது சொல்லப்பட்ட இடைநிலை 8 மாதம். அவர் 20 வருடம் இருந்தார். எல்லோரும் கூல்டு ஆகிவிட மாட்டோம், அதுவும் சரி.

முதல் கட்டப் பரிசோதனையைச் சிகிச்சை என்று நம்புவது

புது மருந்தை நோயாளிகளிடம் சோதிக்கும் ஆய்வின் முதல் படி (phase 1) இது. அதன் முதல் வேலை மருந்தின் அளவையும் ஆபத்தையும் கண்டுபிடிப்பது. சேருங்கள், தெரிந்து சேருங்கள்.

வலி தணிக்கும் டாக்டரைக் கடைசிக்கு வைப்பது

முதல் மாதமே பாருங்கள். பரவிய நுரையீரல் புற்றுநோயில் 2010இல் வந்த ஆய்வில், ஆரம்பத்திலேயே வலியையும் மற்ற அவதிகளையும் தணிக்கும் இந்தக் கவனிப்பும் (palliative care) சேர்ந்து கிடைத்தவர்களின் இடைநிலை ஆயுள் 11.6 மாதம், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களுக்கு 8.9.

நோயாளியை வெளியே உட்கார வைத்துவிட்டுப் பேசுவது

நானும் செய்தேன். செய்யாதீர்கள்.