ஜப்பானிய அனிமேஷன் படங்களைக் குழந்தைகளுக்குக் காட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வரைந்த படம் என்றாலே அது குழந்தைகளுக்கானது என்று எண்ணிவிடுவதுதான் பெற்றோர் செய்யும் முதல் தவறு. ஜப்பானில் அனிமேஷன் என்பது கதை சொல்லும் ஒரு முறை மட்டுமே. அதைப் பார்ப்பவர் எந்த வயதினராகவும் இருக்கலாம். 1988 ஏப்ரலில் ஜப்பானின் கிப்லி அனிமேஷன் நிறுவனம் 'மை நெய்பர் டோட்டோரோ', 'கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃபிளைஸ்' என்ற இரண்டு படங்களையும் ஒரே நாளில் வெளியிட்டது. முந்தையதை நான்கு வயதுக் குழந்தையும் மகிழ்ந்து பார்க்கும். பிந்தையதோ 1945இல் கோபே நகரின் மீது குண்டு வீசப்பட்டபின் பசியில் வாடி மடியும் ஓர் அண்ணன் தங்கையின் கதை. ஆகவே நிறுவனத்தின் பெயரை மட்டும் நம்பாமல், படத்தை முதலில் நாம் முழுவதும் பார்த்துவிட வேண்டும்.

டோட்டோரோவில் தந்தை தன் இரு சிறு மகள்களுடன் ஒரே தொட்டியில் குளிக்கும் காட்சி வந்ததும் பதறிப்போய் ரிமோட்டைத் தேடுகிறவர்கள் உண்டு. ஜப்பானிய வீடுகளில் தொட்டிக்கு வெளியே உடலைக் கழுவிய பிறகே வெந்நீரில் அமர்கிறார்கள்; சிறு குழந்தைகளோடு பெற்றோர் பேசிச் சிரிக்கும் நேரம் அது. வெளியே காற்று வீட்டையே உலுக்கும்போது, பயத்தைப் போக்க மூவரும் உரக்கச் சிரிப்பதுதான் அந்தக் காட்சியின் உயிர். அதைத் தாவிவிட்டால் குழந்தையின் மனத்தில் நிற்பது நம்முடைய பதற்றம் மட்டுமே. அங்கே இப்படி ஒரு வழக்கம் உண்டு, நம் வீட்டில் தனித்தனியாகக் குளிக்கிறோம் என்று இயல்பாகச் சொல்லிவிடலாம். தன் உடலைப் பிறர் தொடுவது பற்றி நாம் கற்பித்த விதிகளில் எதுவும் மாறவில்லை என்பதையும் அப்போதே சேர்த்துச் சொல்வது நல்லது.

'ஸ்பிரிட்டட் அவே' படத்தின் குளியல் இல்லத்துக்கு வருகிறவர்களை எல்லாம் 'பேய்' என்று மொழிபெயர்ப்பது இன்னொரு பிழை. அவர்களில் பலர் ஷின்டோ எனும் ஜப்பானியச் சமய மரபின் தெய்வங்கள். நாற்றமெடுக்கும் சேற்று உருவமாக நுழைந்து, உடலிலிருந்து பழைய சைக்கிளும் குப்பையும் இழுத்தெடுக்கப்பட்டபின் தெளியும் விருந்தாளி ஓர் ஆற்றுத் தெய்வம் என்பதை அறியாத குழந்தைக்கு அது வெறும் அருவருப்பாகவே முடிந்துபோகும். ஊர் எல்லையில் காவல் தெய்வத்தையும் மரத்தையும் வணங்கும் வழக்கத்தைக் கண்டு வளரும் நம் பிள்ளைகளுக்கு இது எளிதில் பிடிபடும். ஆனாலும் 'நம் சாமியும் இதுவும் ஒன்றுதான்' என்று முடித்துவிடாமல் வேறுபாட்டையும் கேட்க விடுங்கள்.

மௌனமான காட்சிகளில் விளக்கவுரை ஆற்றுவதையும் நிறுத்திக்கொள்ள வேண்டும். 'கிகிஸ் டெலிவரி சர்வீஸ்' படத்தின் ஜப்பானிய மூலத்தில், இளம் சூனியக்காரி கிகிக்கு, இழந்த பறக்கும் ஆற்றல் திரும்பிய பிறகும், முன்பு அவளோடு பேசிய பூனை மீண்டும் பேசுவதில்லை. 1998இல் வந்த ஆங்கிலக் குரல்பதிப்போ அதை இறுதியில் பேச வைத்தது. முடிந்தால் ஜப்பானிய ஒலியுடனே போட்டு, வாசிக்கத் தெரியாத குழந்தைக்கு வசன வரிகளை மட்டும் மெல்லப் படித்துக் காட்டுங்கள். பூனை ஏன் பேசவில்லை என்று குழந்தை கேட்டால், அவசரப்பட்டு விடை சொல்லாமல், குழந்தை என்ன நினைக்கிறது என்பதை முதலில் கேளுங்கள்.