ஆப்பிள் பறிக்கப் போகிறீர்களா? கிளையை இழுக்காதீர்கள்

செப்டம்பர் பிறந்துவிட்டால் அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் தமிழர்களின் வாட்ஸ்ஆப் குழுக்களில் ஒரே கேள்விதான் ஓடும்: "சனிக்கிழமை ஆப்பிள் பிக்கிங், யார் யார் வர்றீங்க?" தோட்டத்துக்கே போய், நாமே பழம் பறித்து விலைக்கு வாங்கிவருவதுதான் இது. நானும் பல வருடமாகப் போய்வருகிறேன். கீழே சொல்லப்போகும் தவறுகளில் பாதிக்கு மேல் நானே செய்தவை.

முதல் தவறு காரில் ஏறும்போதே நடந்துவிடுகிறது. போகிற இடத்தை ஏதோ பூங்கா என்று நினைத்துக்கொள்கிறோம். அது ஒரு குடும்பத்தின் நிலம், பிழைப்பு, பல நேரம் வீடும் அதற்குள்ளேயே. கனெக்டிகட்டில் மிடில்ஃபீல்ட் என்ற ஊரில் லைமன் குடும்பத்தின் தோட்டம் 1741இல் தொடங்கியது. அமெரிக்கா சுதந்திரம் அறிவித்ததே 1776இல்தான். எட்டுத் தலைமுறை கண்ட பெரிய தோட்டம் அது. மற்ற பல தோட்டங்கள் சிறியவை. கல்லாவில் பாட்டி, டிராக்டரில் பேரன், பை கொடுக்கும் இடத்தில் மருமகள் என்று ஓடும். ஒருமுறை பழம் பறிக்க வந்த ஒரு குடும்பம் தோட்டக்காரர் வீட்டு வாசல் புல்வெளியில் ஜமக்காளம் விரித்து புளியோதரை டப்பாவைத் திறந்ததைப் பார்த்தேன். நம் வீட்டுத் திண்ணையில் யாராவது இப்படி உட்கார்ந்தால் சும்மா விடுவோமா? வெளிச்சாப்பாட்டை எங்கே வைத்துச் சாப்பிடலாம், அனுமதி உண்டா என்பதை முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

"நாமே பறிக்கிறோம், அப்புறம் எதுக்கு நுழைவுக் கட்டணம்?" என்று முணுமுணுக்காத ஆள் குறைவு. நானும் முணுமுணுத்தேன். காப்பீடு, வண்டி நிறுத்த இடம், தற்காலிகக் கழிப்பறை, டிராக்டர் டீசல் எல்லாம் ஒரு பக்கம். நாம் ஒரு பழம் பறிக்கும்போது கீழே உதிர்த்துவிடும் இரண்டு பழங்கள் இன்னொரு பக்கம். அந்த இரண்டும் விற்காது.

அடுத்தது, விசாரிக்காமல் கிளம்புவது. எல்லா வருடமும் மரம் காய்க்கும் என்று நினைக்க வேண்டாம். 2023 மே 18 அதிகாலையில் வெர்மான்ட், நியூயார்க் பக்கமெல்லாம் கடும் உறைபனி. பூவும் பிஞ்சுமாக இருந்த நேரம். அந்த ஒரே இரவில் பல தோட்டங்களின் அந்த வருட மகசூல் கருகிப்போனது. நல்ல வருடத்திலும் எல்லா ரகமும் ஒன்றாகப் பழுப்பதில்லை. நியூ இங்கிலாந்து என்று அழைக்கப்படும் வடகிழக்கு மாநிலங்கள் பக்கம் செப்டம்பர் தொடக்கத்திலேயே மெக்கின்டாஷ் வந்துவிடும், மாத நடுவில் ஹனிகிரிஸ்ப், அதன்பின் கோர்ட்லாண்ட், மக்கூன், அக்டோபர் கடைசியில் ஃபியூஜி. எல்லோரும் தேடிவருவது மினசோட்டா பல்கலைக்கழகம் 1991இல் வெளியிட்ட ஹனிகிரிஸ்ப்பைத்தான். அக்டோபரில் போய் அதைக் கேட்டால் சிரிப்பார்கள். கிளம்புகிற அன்று காலையில் தோட்டத்தின் இணையப் பக்கத்தைப் பாருங்கள், இல்லையென்றால் போன் போடுங்கள். அக்டோபரில் வரும் கொலம்பஸ் தின விடுமுறை வாரத்தில் போனால் மரத்தைவிட மனிதத் தலைகளைத்தான் அதிகம் பார்ப்பீர்கள்.

சரி, மரத்தடிக்கு வந்துவிட்டோம். பெரிய தவறு இங்கேதான்: பழத்தைப் பிடித்துக் கீழே இழுப்பது. அந்த ஆப்பிளைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள். காம்பு போய்ச் சேரும் இடத்தில் ஒரு குட்டைக் கொப்பு இருக்கும், கட்டைவிரல் நீளம்கூட வராது, கிழவர் விரல் மாதிரி சுருக்கம் சுருக்கமாக. அதன் பக்கத்திலேயே உப்பலாக ஒரு மொட்டு. அடுத்த வசந்தத்தில் பூக்கப்போகும் மொட்டு அது. இந்தக் கோடையிலேயே உருவாகிவிட்டது. வெடுக்கென்று இழுத்தால் பழத்தோடு அந்தக் கொப்பும் பிய்ந்து வரும். உங்கள் பையில் ஒரு பழம் ஏறும்போது அடுத்த வருடத்துப் பழம் போய்விடும்.

பழத்தை உள்ளங்கையில் ஏந்தி, அதன் அடிப்பக்கம் வானத்தைப் பார்க்கும்படி மேலே புரட்டி, லேசாகத் திருகுங்கள். பழுத்திருந்தால் டக்கென்று காம்போடு கைக்கு வரும். வரவில்லை என்றால் விட்டுவிட்டு அடுத்ததைப் பாருங்கள். காம்பு இல்லாத பழம் சீக்கிரம் கெடும்.

திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த அம்மாவுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. மாந்தோப்பில் வளர்ந்தவர். பக்கத்து மரத்தை இரண்டு இளைஞர்கள் பிடித்து உலுக்கியதைப் பார்த்துவிட்டு, "இதுங்க பெத்தவங்க யாரும் தோப்பு வச்சிருந்திருக்க மாட்டாங்கய்யா" என்றார். அவர்களுக்குத் தமிழ் தெரியாதது நல்லதாகப் போயிற்று.

மரத்தில் ஏறுவது அதைவிட மோசம். இப்போதைய ஆப்பிள் மரங்கள் நம் ஒட்டு மாங்கன்று மாதிரி, குட்டையாக வளரும் வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டியவை. அதிகம் பயன்படும் எம்9 என்ற வேர்ச்செடி இங்கிலாந்தின் ஈஸ்ட் மாலிங் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்தது. சீக்கிரம் காய்க்கும், ஆனால் வேரில் பிடிப்பு போதாது. அதனால்தான் கம்பமும் கம்பியும் கட்டி நிற்கவைக்கிறார்கள். போட்டோவுக்காக அதன் கிளையில் குழந்தையை உட்காரவைப்பதைப் பார்த்தால் எனக்கே பதறுகிறது.

சிவப்பாக இருந்தால் பழுத்துவிட்டது என்று நம்பவும் வேண்டாம். சிவப்பு பெரும்பாலும் வெயில் பட்ட கணக்கு. அந்தச் சிவப்புக்கு அடியில் இருக்கும் பச்சை மஞ்சளாக மாறியிருக்கிறதா என்று பாருங்கள். முதல் பழத்தை நறுக்கினால் விதை பழுப்பாக இருக்க வேண்டும். பொதுவாக மரத்தின் வெளிப்பக்கப் பழங்கள்தான் முதலில் பழுக்கும். வண்டி நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்து வரிசைகள் மொட்டையாக நின்றால் சோர்ந்துவிடாமல் கடைசி வரைக்கும் நடங்கள். கயிறு கட்டிய வரிசைக்குள் மட்டும் நுழையாதீர்கள். பழம் தயாராகாமல் இருக்கலாம், மருந்து அடித்தும் இருக்கலாம்.

கீழே கிடக்கும் பழத்தை எடுத்துத் துடைத்துக் கடிப்பது நமக்குப் பழகிய விஷயம்தான், இங்கே வேண்டாம். மான்கள் இரவில் வந்து மேய்ந்து, புழுக்கையும் போட்டுவிட்டுப் போகிற தரை அது. 1996இல் அமெரிக்காவில் பாஸ்ச்சரைஸ் செய்யாத, அதாவது சூடாக்கிக் கிருமி நீக்காத ஆப்பிள் சாற்றில் இருந்த, விலங்குக் கழிவு வழியாகப் பரவக்கூடிய ஈ.கோலை கிருமியால் பலர் நோயுற்றார்கள், ஒரு குழந்தை இறந்தது. நாயைக் கூட்டிவர வேண்டாம் என்று பல தோட்டங்கள் பலகை வைப்பதும் இந்த பயத்தில்தான். உதிர்ந்த பழத்தில் குளவி மொய்க்கும், ஆகவே செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். கடையில் சைடர் என்று விற்பது இங்கே போதை இல்லாத ஆப்பிள் சாறு. ஹார்ட் சைடர் என்றால்தான் மது. மாமனாருக்கு வாங்கிக் கொடுக்கும் முன் லேபிளைப் படியுங்கள்.

என் சொந்தச் சாதனை வேறு: பேராசை. முதல் வருடம் அரை புஷல் பைகள் இரண்டை நிரப்பினேன். ஒன்று ஏறக்குறைய 9 கிலோ. சமையலறை மேடையில் அழகாகக் குவித்துவைத்தேன். இரண்டு வாரத்தில் மெக்கின்டாஷ் எல்லாம் மாவாகிவிட்டது. ஆப்பிளை வெளியே வைத்தால் வேகமாகப் பழுக்கும். கழுவாமல், அடிபட்டதைத் தனியாகப் பிரித்துவிட்டு, துளையிட்ட பையில் ஃபிரிட்ஜில் வையுங்கள். கொத்தமல்லிக் கட்டும் கேரட்டும் இருக்கும் தட்டில் வேண்டாம். ஆப்பிள் விடும் எத்திலீன் வாயுவில் கொத்தமல்லி மஞ்சளாகும், கேரட் கசக்கும்.

இப்போதெல்லாம் 4, 5 கிலோ பிடிக்கும் பெக் பைதான் வாங்குகிறேன். அதிலும் கொஞ்சம் புளிப்பு ரகமாகப் பார்த்துப் பறிப்போம். அம்மா அதைத் துருவி, நல்லெண்ணெயில் கடுகு, வெந்தயம், பெருங்காயம், மிளகாய்த்தூள் போட்டுத் தொக்கு கிண்டினார். ருசி பார்த்துவிட்டு, "மாங்கா இல்லதான், தயிர்சாதத்துக்கு ஆகும்" என்று பாட்டிலை ஃபிரிட்ஜின் பின்வரிசையில் ஒளித்துவைத்தார்.