தொலைதூரப் பட்டப்படிப்பின் அங்கீகாரம்: சரிபார்த்தும் ஏமாறுவது எப்படி?

"உங்கள் படிப்புக்கு அங்கீகாரம் உண்டா?" என்று கேட்டால் எந்த நிறுவனமும் இல்லை என்று சொல்லப்போவதில்லை. ஏமாந்தவர்களில் பலர் எதையும் பார்க்காமல் சேர்ந்தவர்கள் அல்ல. பார்த்தார்கள், ஆனால் தப்பான இடத்தில் பார்த்தார்கள்.

பெரிய தவறு, அங்கீகாரத்தை அந்த நிறுவனத்தின் இணையதளத்திலேயே சரிபார்ப்பது. கீழே வரிசையாக முத்திரைகள் இருக்கும். ஒன்றைத் தட்டினால் "அங்கீகார அமைப்பு" ஒன்றின் தளம் திறக்கும். அதில் பல்கலைக்கழகத்தின் பெயரும் இருக்கும். சரி, அந்த அமைப்பை நடத்துவது யார்? 2015இல் நியூயார்க் டைம்ஸ் அம்பலப்படுத்திய ஆக்ஸாக்ட் விவகாரத்தில், கராச்சியிலிருந்து இயங்கிய ஒரே நிறுவனம் நூற்றுக்கணக்கான போலிக் கல்வித் தளங்களை வைத்திருந்தது. அவற்றுக்கு அங்கீகாரம் தருவதற்கென்று போலி அமைப்புகளையும் அதுவே உருவாக்கியிருந்தது. போலிப் பட்டத்துக்குப் போலிச் சாட்சி.

அதனால் தேடலை எதிர்த்திசையில் தொடங்குங்கள். முதலில் அந்த நாட்டில் அங்கீகாரம் யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். பிரிட்டனில் பட்டம் வழங்கும் உரிமை உள்ள நிறுவனங்களின் பட்டியலை அரசே வெளியிடுகிறது. இந்தியாவில் தொலைதூரப் படிப்பு நடத்த அனுமதி பெற்ற நிறுவனங்களின் பட்டியலைப் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) தொலைதூரக் கல்விப் பிரிவு வெளியிடுகிறது. அமெரிக்காவில் அரசு நேரடியாக அங்கீகாரம் தருவதில்லை. தனியார் அமைப்புகள்தான் தருகின்றன. அந்த அமைப்பைக் கல்வித்துறையோ, சி.எச்.இ.ஏ. என்ற உயர்கல்வி மன்றமோ ஏற்றிருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் பல்கலைக்கழகத்தின் பெயருக்கே வர வேண்டும். பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள், ஊரையும் இணைய முகவரியையும் சேர்த்து. புகழ்பெற்ற பல்கலைக்கழகத்தின் பெயரில் ஒரு சொல்லை மட்டும் மாற்றி வைத்துக்கொள்வது இந்த வியாபாரத்தில் பழைய வித்தை.

அடுத்து, அங்கீகாரம் போலத் தோன்றும் காகிதங்கள். ஐஎஸ்ஓ 9001 என்பது நிர்வாக முறைக்கான தரச்சான்று, பட்டத்தின் மதிப்பைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. கம்பெனியாகப் பதிவு செய்ததற்கான சான்றிதழும் அப்படித்தான். "விண்ணப்பித்திருக்கிறோம்" என்றால் இன்னும் கிடைக்கவில்லை என்று பொருள். இவற்றில் மிகவும் ஏமாற்றுவது, வெளிநாட்டில் காட்ட வேண்டிய ஆவணங்களுக்கு அரசு வைக்கும் அப்போஸ்டில் முத்திரை. அரசு முத்திரை என்பதால் பலர் அதோடு திருப்தியாகிவிடுகிறார்கள். ஆவணத்திலுள்ள கையெழுத்தும் முத்திரையும் உண்மையானவை என்பதற்குத்தான் அது சாட்சி. உள்ளே எழுதியிருப்பதற்கு அல்ல.

இணைய முகவரி .இடியூ என்று முடிவதையும் அப்படியே நம்ப முடியாது. 2001க்குப் பிறகு அங்கீகாரம் பெற்ற அமெரிக்க நிறுவனங்களுக்கு மட்டுமே அது கிடைக்கிறது என்றாலும், அதற்கு முன்பே வாங்கி வைத்திருந்தவர்களிடமிருந்து பறிக்கப்படவில்லை.

பல்கலைக்கழகம் உண்மையானது, அங்கீகாரமும் உண்மையானது. ஆனால் நீங்கள் சேரும் படிப்புக்கு அது கிடையாது. படித்தவர்களும் அதிகம் விழும் குழி இது. இந்தியாவில் நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தொலைதூர முறையில் பொறியியல் பட்டம் வழங்கின. தொழில்நுட்பக் கல்விக் குழுவின் (ஏஐசிடிஇ) ஒப்புதல் அவற்றுக்கு இல்லை. 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம், 2001 முதல் 2005 வரை சேர்ந்தவர்களின் பட்டங்களை நிறுத்திவைத்து, தேர்வு எழுதித் தேறினால்தான் செல்லும் என்றது. அதன்பின் சேர்ந்தவர்களின் பட்டங்கள் ரத்தாகின. பல வருடம் வேலை பார்த்தவர்களும் அதில் இருந்தார்கள். ஆகவே பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்த்ததோடு நிற்காமல், படிப்பின் பெயர், அது தொலைதூர முறையா ஆன்லைனா, எந்தக் கல்வியாண்டுச் சேர்க்கை என்பதையும் பாருங்கள். செவிலியம், சட்டம், பொறியியல் போல உரிமம் தேவைப்படும் தொழில் என்றால் அந்தத் தொழிலுக்கான கவுன்சிலையும் தனியாகக் கேட்க வேண்டும்.

அங்கீகாரம் ஒருமுறை கிடைத்தால் என்றைக்கும் இருப்பதல்ல. அமெரிக்காவில் ஏசிஐசிஎஸ் என்ற அங்கீகார அமைப்பையே 2022இல் கல்வித்துறை நீக்கியது. அதை நம்பியிருந்த கல்லூரிகள் 18 மாதங்களுக்குள் வேறு அமைப்பைத் தேட வேண்டியதாயிற்று. போன வருடம் சேர்ந்த நண்பர் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட் உங்களுக்கு உதவாது.

கடைசியாக ஒன்று, பலர் இதை யோசிப்பதே இல்லை: பட்டத்தை எங்கே காட்டப் போகிறீர்கள்? ஒரு நாட்டில் செல்லும் தொலைதூரப் பட்டம் இன்னொரு நாட்டில் அரசு வேலைக்கோ மேற்படிப்புக்கோ செல்லாமல் போகலாம். ஆகவே பட்டம் தரும் இடத்தை விட, அதை வாங்கிப் பார்க்கப்போகும் இடத்திடம் கேளுங்கள். மேற்படிப்பு என்றால் அந்தப் பல்கலைக்கழகத்தின் சேர்க்கைப் பிரிவு, அரசு வேலை என்றால் தேர்வு வாரியம். போனில் கேட்காமல் மின்னஞ்சலில் கேளுங்கள். படிப்பின் முழுப் பெயர், முறை, ஆண்டு மூன்றும் கடிதத்தில் இருக்கட்டும். அரசுப் பட்டியலின் பக்கத்தையும் தேதி தெரியும்படி அச்செடுத்து அந்தப் பதிலோடு வைத்துக்கொள்ளுங்கள். "இன்றைக்கே கட்டினால்தான் இடம்" என்று அட்மிஷன் கவுன்சலர் அவசரப்படுத்தினால், ஒப்புதல் கடிதத்தின் நகலை அனுப்பச் சொல்லுங்கள். பதில் வருவதற்குள் கட்டணம் கட்ட வேண்டாம்.