தனியாக இறந்தவரின் அறையைச் சுத்தம் செய்ய யாரைக் கூப்பிடுவது?

பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, சென்னை அடுக்குமாடி வீட்டில் தனியாக இருந்த பெரியவர் இறந்துபோகிறார். ரெண்டு மூன்று நாள் கழித்து, வாடை வந்து பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரிகிறது. உடலை எடுத்துப் போன பிறகு அந்த அறையை என்ன செய்வது? முதன்முறையாக இந்த நிலைமையில் மாட்டியவர்களுக்காக எழுதுகிறேன்.

படி 1: போலீஸ் சரி சொல்லட்டும்

தற்கொலை, விபத்து, சந்தேகம் எழும் மரணம் என்றால் பி.என்.எஸ்.எஸ். எனும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 194-வது பிரிவில் போலீஸ் விசாரணை நடக்கும். பழைய சட்டமான சி.ஆர்.பி.சி.யின் 174-வது பிரிவுதான் இது. அறையைக் கழுவிக்கொள்ளலாம் என்று ஸ்டேஷனில் சொன்ன பிறகே துடைப்பத்தைத் தொடுங்கள். அந்த அனுமதியை வாட்ஸ்அப்பிலாவது ஒரு வரி வாங்கி வையுங்கள்.

படி 2: அறையை மூடி வையுங்கள்

ஏசி, ஃபேன் வேண்டாம். வாடை மற்ற அறைகளுக்கும் பரவும். போலீஸ் வேலை முடிந்ததும் நகை, பத்திரம், பாஸ்புக் இருக்கும் பீரோவை வீடியோ எடுத்துப் பூட்டிவிடுங்கள். பின்னால் உறவுக்குள் வரும் பாதிச் சண்டை இதில் அடங்கும்.

படி 3: நீங்களே செய்யலாமா?

தரையில் சில சொட்டு ரத்தம் என்றால் செய்யலாம். கையுறை, முகக்கவசம் போட்டு, காகிதத்தால் ஒற்றி எடுத்து, சோப்புத் தண்ணீரால் துடையுங்கள். அப்புறம் 5 சதவீத ஹைப்போகுளோரைட் கரைசல் (பிளீச் திரவம்) 1 பங்கு, தண்ணீர் 9 பங்கு கலந்து ஊற்றி, 10 நிமிடம் விட்டுத் துடையுங்கள். அழுக்கின் மேலேயே ஊற்றினால் மருந்து சரியாக வேலை செய்யாது. டாய்லெட் ஆசிட்டை மட்டும் இதனுடன் கலக்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பும்.

காய்ந்த ரத்தத்தில்கூட கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் 7 நாள் வரை உயிர்ப்போடு இருக்கும். மெத்தை நனைந்திருந்தாலோ, உடலிலிருந்து நீர் கசிந்து கட்டிலுக்கு அடியில் போயிருந்தாலோ நீங்கள் இறங்காதீர்கள். தெருமுனை ஆள் ஒருவருக்குக் குவார்ட்டரும் ஐந்நூறு ரூபாயும் கொடுத்து வெறுங்கையால் அள்ளச் சொல்வது இன்னும் நடக்கிறது. அது அநியாயம்.

படி 4: நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பது

கலிபோர்னியாவில் இந்தத் தொழிலுக்கு அரசிடம் தனிப் பதிவே வேண்டும். நம் ஊரில் பெரும்பாலும் டீப் கிளீனிங், பூச்சிமருந்து அடிக்கும் ஆட்கள்தான் வருகிறார்கள். அதனால் கேள்வி கேட்டுத்தான் ஆளை எடைபோட வேண்டும்.

முதல் கேள்வி: "எதையெல்லாம் பிய்த்து எடுப்பீர்கள்?" அறையைப் பார்க்காமலே போனில் ஒரு தொகை சொல்லி, "ஸ்ப்ரே அடித்தால் போதும் சார்" என்பவரை அப்படியே விட்டுவிடுங்கள். கசிந்த நீர் டைல்ஸ் இடுக்கு வழியாகச் சிமெண்டுக்குள் இறங்கியிருக்கும். மேலே எவ்வளவு பளபளத்தாலும், மழை ஈரத்தில் வாடை திரும்ப வரும். விவரம் தெரிந்தவர் கட்டில் காலடியில் உட்கார்ந்து, இடுக்கின் நிறம் மாறியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பார். தேவையானால் நாலு டைல்ஸைப் பெயர்க்க வேண்டும் என்று முதலிலேயே சொல்வார்.

இரண்டாவது: "கழிவு எங்கே போகும்?" மருத்துவமனையில் ரத்தம் தோய்ந்த பஞ்சும் துணியும் மஞ்சள் பையில் எரிப்பதற்குப் போகும். இதுவும் அதே ரகக் கழிவுதான். உயிரி மருத்துவக் கழிவு நிலையத்தோடு ஏற்பாடு இருக்கிறதா, ரசீது தருவார்களா என்று கேளுங்கள். மெத்தையைத் தெருத் தொட்டியில் போட்டால், அதைக் கையில் தூக்கப்போவது மாநகராட்சித் தூய்மைப் பணியாளர்.

அப்புறம், வருகிறவர்களுக்கு முழு உடல் கவசம், கண்ணாடி, பூட்ஸ், ஹெபடைடிஸ் பி தடுப்பூசி உண்டா என்பதையும் கேளுங்கள். வாடை போக்கும் ஓசோன் மெஷின் வைப்பதாக இருந்தால், அது ஓடும்போது அறையில் யாரும் இருக்கக்கூடாது. கசிவை எடுக்காமல் மெஷினை மட்டும் வைப்பது வீண் செலவு.

படி 5: பாக்கிப் பணம்

வேலை முடிந்ததும் சாம்பிராணி போடாதீர்கள். ஊதுவத்தி, ஃபினாயில், ரூம் ஸ்ப்ரே எதுவும் வேண்டாம். ஜன்னலைச் சாத்தி ஒரு நாள் முழுக்க அறையைப் பூட்டி வையுங்கள். மறுநாள் திறந்த உடனே மூக்குக்கு ஒன்றும் படவில்லை என்றால் மீதித் தொகையைக் கொடுங்கள். புண்ணியாஜனம், பெயிண்ட் எல்லாம் அதற்குப் பிறகு.