வீடு வாங்கியபின் வரும் மதிப்பீட்டுப் படிவம்: மலையகத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹட்டனிலோ பண்டாரவளையிலோ நுவரெலியாவிலோ வீடு வாங்கி, உறுதி எழுதி, உள்ளூராட்சி சபையின் பதிவேட்டில் பெயர் மாற்ற விண்ணப்பித்தவர்களுக்கு, காணியின் அளவு, கட்டடப் பரப்பு, பயன்பாடு, வாடகை ஆகியவற்றைக் கேட்கும் மதிப்பீட்டுப் படிவம் வரலாம். அதை அவசரத்தில் நிரப்பிவிட்டு, பின்னர் பல ஆண்டுகள் கூடுதல் வரி கட்டுபவர்கள் உண்டு.

பெரும்பாலான குழப்பங்களுக்கு ஒரே காரணம், ஆதன வரி, அதாவது வீடு, காணிக்குச் சபை விதிக்கும் வரி, எதன்மீது கணிக்கப்படுகிறது என்பதை அறியாமைதான். நீங்கள் கொடுத்த விலைக்கு அன்றி, அந்த வீட்டை ஆண்டு முழுவதற்கும் வாடகைக்கு விட்டால் நியாயமாகக் கிடைக்கக்கூடிய தொகையைச் சார்ந்த ‘ஆண்டுப் பெறுமதி’க்கே வரி விதிக்கப்படுகிறது. எடுத்துக்காட்டாக, ஆண்டுப் பெறுமதி 60,000 ரூபாயாகவும் வரி வீதம் 6 சதவீதமாகவும் இருந்தால், ஆண்டுக்கு 3,600 ரூபாய், அதாவது காலாண்டுக்கு 900 ரூபாய் செலுத்த வேண்டும். எனவே வாடகை கேட்கப்பட்ட இடத்தில் எழுதும் தொகை மிக முக்கியமானது. நுவரெலியாவில் ஏப்ரல் வசந்த காலத்தில் ஓர் இரவுக்குக் கிடைக்கும் வாடகையை வைத்து ஆண்டு வருமானத்தைக் கணக்கிட்டு எழுதுவது பெருந்தவறு. மழைக்காலத்தில் அதே வீடு பூட்டிக்கிடப்பதை அந்தக் கணக்கு காட்டாது. அதேவேளை, அறைகளைச் சுற்றுலாப் பயணிகளுக்கு விட்டுக்கொண்டே ‘குடியிருப்பு மட்டும்’ என்று எழுதுவதும் கூடாது. வீட்டுக்கும் வணிகத்துக்கும் வெவ்வேறு வீதம் விதிக்கும் சபைகள் உள்ளன, நேரில் பார்வையிட வருபவர் அதைக் கண்டுகொள்வார்.

நமது மலைச்சரிவுகளுக்கே உரிய சிக்கல் இன்னொன்று. வீதியிலிருந்து ஒரு மாடியாகத் தெரியும் வீட்டுக்குக் கீழே இன்னும் இரண்டு தளங்கள் இருக்கலாம். அவற்றை மறைக்க வேண்டாம். ஆனால், மண்ணைத் தாங்கும் சுவரையும் திறந்த படிக்கட்டுகளையும் வசிக்கும் பரப்பாகச் சேர்த்தும் எழுதிவிடாதீர்கள். காணியின் பேர்ச்சஸ் அளவை நில அளவை வரைபடத்தில் உள்ளபடியே எழுதி, அதில் எவ்வளவு பகுதி பயன்படுத்த இயலாத செங்குத்துச் சரிவு என்பதைத் தனிக் கடிதத்தில், படங்களுடன் தெரிவியுங்கள். முன்னைய உரிமையாளர் அனுமதியின்றிக் கட்டிய பகுதி இருந்தால், அதற்கு வரி செலுத்துவதால் மட்டும் அது அனுமதி பெற்ற கட்டடமாகிவிடாது. மண்சரிவு அபாயமுள்ள இடமாயின் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிந்துரை பற்றியும் சபையிடம் தனியாகக் கேளுங்கள்.

படிவம் சிங்களத்தில் வந்தால், யாரோ நிரப்பித் தந்ததை வாசிக்காமல் கையொப்பமிடும் வழக்கம் நம்மிடையே இருப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. அரசியலமைப்பின்படி தமிழும் அரச கரும மொழியே. தமிழ்ப் படிவத்தைக் கேட்கத் தயங்க வேண்டியதில்லை.

பழைய உரிமையாளரின் நிலுவையை வரிப் பற்றுச்சீட்டுகளைப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். நிரப்பிய படிவத்தின் பிரதியைச் சபையின் திகதி முத்திரையுடன் வைத்துக்கொண்டால், பின்னர் வரும் மதிப்பீட்டு அறிவித்தலை அதனுடன் ஒப்பிட்டு, அதில் குறித்த திகதிக்குள் எழுத்துமூலம் ஆட்சேபிக்க இயலும்.