மரக்காயப் பூஞ்சைகள்: ஆய்விலும் பராமரிப்பிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைத் தாக்கிய பிறகு, கிளை முறிந்த மரங்களின் வெட்டுவாயில் தாரும் சிமென்டும் பூசப்பட்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். நல்லெண்ணத்தில் செய்ததுதான், ஆனால் மரத்தின் காயம் நம் தோலைப் போல ஆறுவதில்லை. மரம் சிதைந்த பகுதியைச் சுவரெழுப்பி ஒதுக்கிவிட்டு, அதைச் சுற்றிப் புதிதாக வளர்கிறது என்பதை அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ 1970களில் விளக்கினார். பூச்சு ஈரத்தை உள்ளே அடைத்துப் பூஞ்சைக்கே இடங்கொடுக்கக்கூடும். கிளையைத் தண்டோடு ஒட்ட அறுப்பதும் கேடுதான். சுவரெழுப்பும் திசு கிளையடியின் பருத்த கழுத்தில்தான் இருக்கிறது.

கிண்டி தேசியப் பூங்காவைப் போன்ற உலர் பசுமைமாறாக் காடுகளில் மாதிரி எடுக்கச் செல்பவர்கள் செய்யும் பிழை வேறு. காயத்தில் முதலில் தென்படும் பூஞ்சையையே கொலைகாரன் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். லாசியோடிப்ளோடியா போன்ற பூஞ்சைகள் நலமான திசுவுக்குள்ளும் அறிகுறியின்றி வாழ்ந்து, மரம் தளர்ந்தபின் வெளிப்படுபவை. ஆய்வகத் தட்டிலும் அவை வேகமாகப் படர்ந்து, காயம் வழியே மரத்தில் புகும், மெல்ல வளரும் செரட்டோசிஸ்டிஸ் போன்ற பூஞ்சைகளை மறைத்துவிடும். அதனால்தான், செரட்டோசிஸ்டிஸைப் பிரித்தெடுக்க, காயத்துச் சீவலை இரண்டு கேரட் வில்லைகளுக்கு நடுவில் வைத்து ஈரமாக மூடிவைக்கும் பழைய உத்தி இன்றும் கைகொடுக்கிறது. ஒரு வாரம் போல் கழித்துத் திறந்தால், நீண்ட கழுத்துள்ள கரும்புள்ளிகளும் அவற்றின் நுனியில் பிசுபிசுப்பான வித்துத் துளிகளும் நிற்கும். இந்தப் பிசுக்குதான், சாற்று வாசனையை நாடி வரும் சிறு வண்டுகளின் உடலில் ஒட்டிக்கொண்டு அடுத்த காயத்துக்குப் பயணிக்கிறது.

மரபியலில் நேரும் பிழைகள் இன்னும் நுட்பமானவை. ஐடிஎஸ் என்னும் ஒரே டிஎன்ஏ பகுதியை மட்டும் படித்து இனப்பெயர் சூட்டுவது போதாது. செரட்டோசிஸ்டிஸில் ஒரே பூஞ்சைக்குள் இப்பகுதி ஒன்றுக்கு மேற்பட்ட வடிவங்களில் இருப்பதுண்டு. ஹவாய்த் தீவின் ஓஹியா மரங்களைக் கொன்ற பூஞ்சையை முதலில் செரட்டோசிஸ்டிஸ் ஃபிம்ப்ரியாட்டா என்றே குறித்தார்கள். 2018இல்தான் அது வெவ்வேறு கிளைவழிகளைச் சேர்ந்த இரண்டு புதிய இனங்கள் என்று தெரியவந்தது.

மரபு வேறுபாடு குறைவாக இருந்தால் அண்மையில் வந்தேறியது என்றும், மிகுதியாக இருந்தால் மண்ணுக்குரியது என்றும் சொல்லிவிடும் வழக்கம் பரவலாக உள்ளது. அது ஒரு தொடக்கக் குறிப்புதான், தீர்ப்பல்ல. செரட்டோசிஸ்டிஸ் இனங்கள் பலவும் துணையின்றியே பாலினப் பெருக்கம் செய்ய வல்லவை. ஆகவே நெடுங்காலமாக ஓரிடத்தில் இருப்பதும் ஒரே அச்சில் வார்த்ததுபோலத் தோன்றலாம். ஒரே காயத்தில் எடுத்த பத்து மாதிரிகளைப் பத்துத் தனியன்களாகக் கணக்கிட்டால் இந்த மயக்கம் இன்னும் கூடும். மரத்துக்கு ஒன்று, பல மரங்கள், பல காடுகள் என்று பிரித்தெடுப்பதே சரி.

மண்ணுக்குரியது என்று தெரிந்தால் தீங்கற்றது என்று விட்டுவிடவும் கூடாது, ஏனெனில் ஆசிய மரங்களில் பெரிய சேதமின்றி வாழ்ந்த செஸ்ட்நட் கருகல் பூஞ்சை, 1904இல் நியூயார்க்கில் கண்டறியப்பட்டபின், பட்டைக் காயங்கள் வழியே புகுந்து பல நூறு கோடி அமெரிக்க மரங்களை அழித்தது. நோயுண்டாக்கும் திறனைச் சோதிக்க, காட்டில் நிற்கும் மரத்தில் பூஞ்சையைச் செலுத்தாமல், அடைத்த கூடத்தில் நாற்றுகளில் செலுத்த வேண்டும். சோதனை முடிந்ததும், ஆய்வகக் குழாயில் வளர்த்த பூஞ்சையைக் குப்பையில் போட்டுவிடுவதும் தவறு. நாளை பெயர் மாறினால், மீண்டும் படித்துப் பார்க்க அந்தக் குழாயில் இருக்கும் உயிருள்ள பூஞ்சைதான் கையில் இருக்கும்.